வானியல் ஒளிப்படக்கருவியைக் குளிர்வித்தலும் சமநிலைப்படுத்தலும்

வானியல் ஒளிப்படக்கருவியைக் குளிர்வித்தல் என்பது, மங்கிய விண்பொருட்களை நெடுநேரம் படம் பிடிப்பதற்காகத் தொலைநோக்கியுடன் இணைக்கப்பட்ட எண்ணிம ஒளிப்படக்கருவியின் உணரியைச் சுற்றுப்புறக் காற்றை விடக் குறைந்த வெப்பநிலையில் வைத்திருப்பதாகும். சமநிலைப்படுத்தல் என்பது, அக்கருவியைச் சுமக்கும் தொலைநோக்கி தன் இரு சுழல் அச்சுகளிலும் ஒருபக்கமாகச் சாயாதவாறு எடைகளை ஒழுங்கு செய்வதாகும். இவை இரண்டும் தனித்தனி வேலைகளாகத் தோன்றினாலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. குளிர்விக்கும் அமைப்பு கருவியின் எடையைக் கூட்டுகிறது. கூடிய எடை சமநிலையைக் குலைக்கிறது. சமநிலை குலைந்த தொலைநோக்கியால் விண்மீன்களைச் சீராகப் பின்தொடர இயலாது. எனவே எவ்வளவு குளிர்விப்பது என்ற கேள்விக்கு, எவ்வளவு சுமக்க இயலும் என்பதையும் சேர்த்தே விடை காண வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் போன்ற தமிழகத்தின் உள்நாட்டுச் சமவெளி மாவட்டங்களில் இவ்விரண்டும் கூடுதல் கவனம் பெறுகின்றன. இங்கு இரவும் வெப்பமாக இருப்பதால் உணரியின் இரைச்சல் மிகுதி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அமைந்திருப்பதால் தொலைநோக்கியின் துருவ அச்சு ஏறத்தாழக் கிடையாகப் படுத்திருக்கும்.

வரலாறு

வெப்பமின் குளிர்விப்புக்கு அடிப்படையான விளைவைப் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் சார்லசு பெல்ட்டியர் 1834 இல் கண்டறிந்தார். இரு வேறு கடத்திகளின் சந்திப்பில் மின்னோட்டம் பாயும்போது, அதன் திசையைப் பொறுத்து அச்சந்திப்பு குளிர்கிறது அல்லது சூடாகிறது. இது பெல்ட்டியர் விளைவு எனப்படும்.

எண்ணிம வானியல் படங்களுக்கு வழிவகுத்த சிசிடி உணரியை 1969 இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லர்டு பாயில், சார்ச்சு சிமித் ஆகியோர் உருவாக்கினர். இதற்காக இவர்களுக்கு 2009 ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒளிப்படத் தகடுகளை விடப் பல மடங்கு உணர்திறன் மிக்க இவ்வுணரிகள் விரைவில் வானாய்வகங்களில் இடம் பிடித்தன.

தமிழகத்தில் இக்கலையின் முதன்மை எடுத்துக்காட்டு காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் ஆகும். பெரம்பலூருக்கு ஏறத்தாழ நேர்வடக்கே, சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இது அமைந்துள்ளது. இந்திய வானியற்பியல் நிறுவனம் இதனை நடத்துகிறது. 1972 இல் இங்கு 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. இங்குள்ள 45 சென்டிமீட்டர் சிமிட்டு தொலைநோக்கியின் துணையுடன் 1988 இல் ஆர். இராசமோகன் கண்டறிந்த சிறுகோள், கணிதமேதை இராமானுசனின் பெயரைப் பெற்றது.

1986 சனவரி 6 அன்று இங்கு 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி தொடங்கி வைக்கப்பட்டது. இது இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்டதாகும். இதில் இரு செய்திகள் இக்கட்டுரைக்கு முதன்மையானவை. ஒன்று, இதனுடன் இணைக்கப்பட்ட சிசிடி உணரிகள் நீர்ம நைதரசனால் குளிர்விக்கப்பட்டன. நைதரசனின் கொதிநிலை கழி 196 பாகை செல்சியசு. உணரி வெற்றிடக் கலனுக்குள் வைக்கப்படுவதால் அதன் மேல் உறைபனி படிவதில்லை. மற்றொன்று, இத்தொலைநோக்கி குதிரைலாட வடிவ நுகத்தாங்கியில் அமர்ந்துள்ளது. தாழ்ந்த அகலாங்கில் படுத்த நிலையில் இருக்கும் துருவ அச்சை இருமுனைகளிலும் தாங்குவதற்கும், வடதுருவத்தை ஒட்டிய வானத்தையும் எட்டுவதற்கும் இவ்வடிவம் பொருந்துகிறது. பேரளவில் இங்கு தீர்க்கப்பட்ட அதே இரு சிக்கல்களைத்தான் சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலரும் சிறிய அளவில் எதிர்கொள்கிறார்.

ஒளிப்படக்கருவியை மாற்றியமைத்தல்

டி.எஸ்.எல்.ஆர் எனப்படும் பொதுப்பயன்பாட்டு ஒளிப்படக்கருவியின் உணரிக்கு முன்னால் ஒரு வடிகட்டி உள்ளது. அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்து மனிதக் கண் காணும் நிறங்களைத் தருவது இதன் பணி. ஆனால் இவ்வடிகட்டி ஆழ்ந்த சிவப்பு ஒளியின் பெரும்பகுதியையும் தடுத்து விடுகிறது. விண்வெளியில் ஒளிரும் ஐதரசன் வாயு உமிழும் ஐதரசன் ஆல்ஃபா ஒளியின் அலைநீளம் 656.3 நானோமீட்டர். பெரும்பாலான கருவிகளில் இவ்வொளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே உணரியை அடைகிறது. வடிகட்டியை நீக்கினாலோ ஏற்ற வேறொன்றைப் பொருத்தினாலோ ரோசெட், லகூன், கரீனா போன்ற நெபுலாக்களின் சிவப்புப் பகுதிகள் தெளிவாகப் பதிவாகும்.

இதற்கெனவே உற்பத்தி நிறுவனங்களும் சில கருவிகளை வெளியிட்டன. கேனன் நிறுவனத்தின் 20டிஏ (2005), 60டிஏ (2012), ஈஓஎசு ஆர்ஏ (2019), நிக்கான் நிறுவனத்தின் டி810ஏ (2015) ஆகியவை அவ்வகையின.

வடிகட்டியை நீக்கும்போது குவியம் இடம் மாறுகிறது. கண்ணாடித் தகடு ஒன்று ஒளிப்பாதையில் இருந்தால், அதன் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குவியம் பின்தள்ளப்படும். தகட்டை எடுத்துவிட்டால் அந்த அளவுக்குக் குவியம் முன்னுக்கு வரும். தொலைநோக்கியின் குவியமைப்பை நகர்த்தி இதனைச் சரிசெய்யலாம். அக்கருவியை வில்லைகளுடனும் பயன்படுத்த விரும்பினால், நீக்கிய வடிகட்டியின் இடத்தில் அதே ஒளியியல் தடிமனுள்ள தெளிந்த கண்ணாடியைப் பொருத்த வேண்டும்.

வெப்ப இரைச்சல்

உணரியின் மேல் ஒளியே விழாதபோதும், வெப்பத்தின் காரணமாக ஒவ்வொரு படவணுவிலும் எதிர்மின்னிகள் தொடர்ந்து சேர்கின்றன. இது இருண்ட மின்னோட்டம் எனப்படும். சிலிக்கன் உணரிகளில் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை உயரும்போதெல்லாம் இது இருமடங்காகிறது. ஆகவே 30 பாகை குளிர்வித்தால் அது 32 இல் ஒரு பங்காகக் குறையும்.

மூடிய தொலைநோக்கியில் எடுக்கப்படும் இருட்படத்தைக் கழிப்பதன் மூலம் இருண்ட மின்னோட்டத்தின் சராசரி அளவை நீக்கலாம். ஆனால் அதன் தற்செயலான ஏற்ற இறக்கத்தை நீக்க இயலாது. அவ்வேற்ற இறக்கமே இரைச்சல். சேர்ந்த எதிர்மின்னிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் இதன் அளவாகும்.

எவ்வளவு குளிர்விப்பது போதும் என்பதைப் பின்வரும் எடுத்துக்காட்டு விளக்கும். இருண்ட ஊர்ப்புறம் ஒன்றில் வானப் பின்னணி ஒளியால் ஒரு படவணுவில் வினாடிக்கு 2 எதிர்மின்னிகளும், 30 பாகை வெப்பநிலையில் இருண்ட மின்னோட்டத்தால் வினாடிக்கு 1.6 எதிர்மின்னிகளும் சேர்வதாகக் கொள்வோம். 300 வினாடி படம் ஒன்றில்:

* உணரி 30 பாகையில்: பின்னணி 600, இருண்ட மின்னோட்டம் 480, இரைச்சல் சுமார் 32.9
* உணரி 0 பாகையில்: பின்னணி 600, இருண்ட மின்னோட்டம் 15, இரைச்சல் சுமார் 24.8
* உணரி கழி 30 பாகையில்: பின்னணி 600, இருண்ட மின்னோட்டம் 0.5 அளவு, இரைச்சல் சுமார் 24.5

முதல் 30 பாகைக் குளிர்விப்பு இரைச்சலை நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது. அடுத்த 30 பாகையால் கிடைப்பது ஒரு விழுக்காடு அளவே. இதே கருவியை வானப் பின்னணி பத்து மடங்கு ஒளிர்வாக உள்ள நகரில் வைத்தால், 30 பாகையில் 80.5 ஆக இருக்கும் இரைச்சல் 0 பாகையில் 77.6 ஆக மட்டுமே குறையும். அதாவது தெருவிளக்குகளுக்கு நடுவே குளிர்விப்பால் பெரும்பயன் இல்லை. இருண்ட இடத்துக்குச் செல்வதே செலவு குறைந்த முதல் மேம்பாடு ஆகும்.

குளிர்விப்பு அமைப்பு

ஆர்வலர்கள் பயன்படுத்தும் அமைப்பில் மூன்று பகுதிகள் உள்ளன.

* குளிர்க்கடத்தி: உணரியின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டு கருவிக்கு வெளியே நீளும் செப்புத் தகடு. உணரியின் மின்முனைகளைத் தொடாதவாறு இதற்கு மின்காப்பு இடப்பட வேண்டும்.
* வெப்பமின் குளிர்விப்பான்: செப்புத் தகட்டின் மறுமுனையில் பொருத்தப்படும் பெல்ட்டியர் தகடு. 40 மில்லிமீட்டர் சதுரத் தகடு பரவலாகக் கிடைக்கிறது.
* வெப்பவெளியேற்றி: கணினிச் செயலியின் மேல் பொருத்துவதைப் போன்ற அலுமினியச் சிறகுத்தகடும் விசிறியும்.

பெல்ட்டியர் தகடு குளிர்ச்சியை உற்பத்தி செய்வதில்லை. வெப்பத்தை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு இறைக்கிறது. தான் நுகரும் மின்னாற்றலையும் சூடான பக்கத்தில் வெப்பமாகச் சேர்க்கிறது. எனவே அதன் திறன், இரு பக்கங்களுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்ததே அன்றிக் காற்றின் வெப்பநிலையை நேரடியாகப் பொறுத்ததன்று. காற்று 27 பாகையிலும், சூடான பக்கம் அதை விட 10 பாகை மேலாகவும் இருக்க, தகடு 40 பாகை வேறுபாட்டை உண்டாக்கினால் உணரி கழி 3 பாகையை அடையும். வெப்பவெளியேற்றியை மேம்படுத்திச் சூடான பக்கத்தை 5 பாகை குறைத்தால், கூடுதல் மின்சாரமின்றியே உணரியும் ஏறத்தாழ அதே அளவு குளிரும்.

12 வோல்ட்டில் 5 ஆம்பியர் நுகரும் அமைப்பு ஒன்று 6 மணி நேரத்தில் 30 ஆம்பியர்-மணி மின்னூட்டத்தைச் செலவிடும். ஈய அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வெறுமையாக்காதிருக்க, 60 ஆம்பியர்-மணி கொள்ளளவு தேவைப்படும். இம்மின்கலம் தரையில்தான் வைக்கப்பட வேண்டும்.

மிகுந்த குளிரை விட நிலையான குளிரே பயன் மிக்கது. இருட்படமும் வானப்படமும் ஒரே வெப்பநிலையில் எடுக்கப்பட்டால்தான் கழித்தல் சரியாக அமையும். ஆகவே வெப்பநிலை உணரியும் கட்டுப்பாட்டுச் சுற்றும் கொண்டு, ஆண்டு முழுவதும் எட்டக்கூடிய ஒரு வெப்பநிலையை, எடுத்துக்காட்டாக 0 பாகையை, நிலையாகப் பேணுவது நல்லது. இதனால் ஒருமுறை எடுத்த இருட்படத் தொகுப்பைப் பல இரவுகளுக்குப் பயன்படுத்தலாம்.

ஈரப்பதமும் பனித்துளியும்

காற்று 28 பாகையிலும் ஈரப்பதம் 80 விழுக்காட்டிலும் இருந்தால், பனிநிலை சுமார் 24 பாகை ஆகும். அதாவது காற்றை விட 4 பாகை மட்டுமே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். 0 பாகையில் உள்ள உணரியும் செப்புத் தகடும் நீரைத் தொடர்ந்து ஈர்க்கும். இந்நீர் மின்சுற்றுப் பலகையில் இறங்கினால் கருவி பழுதாகும். பல முயற்சிகள் தோல்வியடைவது குளிர் போதாமையால் அன்று, இந்த நீரால்தான்.

இதனைத் தவிர்க்க உணரி அறை காற்றுப்புகாதவாறு மூடப்பட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் வைக்கப்படுகிறது. குளிர்ந்த தகட்டின் வெளிப்பகுதி மூடிய நுரைப்பொருளால் போர்த்தப்படுகிறது. உணரி அறையின் முன்கண்ணாடியில் பனி படியாதிருக்க, அதன் விளிம்பில் ஓரிரு வாட்டு வெப்பம் தரும் மின்தடைகள் பொருத்தப்படுகின்றன. குளிர்விப்பையும் நிமிடத்துக்கு ஓரிரு பாகை என்ற அளவில் படிப்படியாகவே செய்ய வேண்டும்.

சமநிலைப்படுத்தல்

விண்மீன்களைப் பின்தொடரும் தொலைநோக்கி இரு அச்சுகளில் சுழல்கிறது. புவியின் சுழலச்சுக்கு இணையானது துருவ அச்சு. அதற்குச் செங்குத்தானது விலக்க அச்சு. வானம் வினாடிக்கு சுமார் 15 விகலை நகர்கிறது. 750 மில்லிமீட்டர் குவியத்தூரமும் 4.3 மைக்ரோமீட்டர் படவணுவும் கொண்ட அமைப்பில் ஒரு படவணு வானில் சுமார் 1.2 விகலையை மறைக்கும். ஆகவே வான நடுவரைக்கு அருகிலுள்ள விண்மீன் ஒன்று, பின்தொடர்தல் நின்றுவிட்டால், ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அடுத்த படவணுவுக்குச் சென்றுவிடும். இத்தகைய நுட்பத்தில் பற்சக்கரங்கள் இயங்க, மோட்டார் எடையைத் தூக்கும் வேலையைச் செய்யக் கூடாது. சுழற்றும் வேலையை மட்டுமே செய்ய வேண்டும்.

சமநிலையில் எடையை விட, எடையையும் அச்சிலிருந்து அதன் தொலைவையும் பெருக்கி வரும் திருப்புத்திறனே முதன்மையானது. குளிர்விப்பு அமைப்பால் கருவியின் எடை 0.6 கிலோகிராம் கூடுவதாகவும், அது விலக்க அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். இதை ஈடுசெய்ய 9 கிலோகிராம் எடையுள்ள குழாயை எதிர்த்திசையில் 4 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். துருவ அச்சிலிருந்து அதே எடை 30 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், 5 கிலோகிராம் எதிரெடையை 3.6 சென்டிமீட்டர் வெளியே தள்ள வேண்டும்.

பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை:

1. கருவி, குளிர்விப்பான், பனிக்காப்பு, வழிகாட்டித் தொலைநோக்கி, கம்பிகள் ஆகிய அனைத்தையும் பொருத்தி, மூடிகளைக் கழற்றி, குவியத்தையும் சரிசெய்த பின்னரே சமநிலைப்படுத்தலைத் தொடங்க வேண்டும்.
2. எதிரெடைத் தண்டைக் கிடையாக வைத்துத் துருவ அச்சைப் பூட்டி, விலக்க அச்சைத் தளர்த்தி, குழாயை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்ய வேண்டும்.
3. பின்னர் விலக்க அச்சைப் பூட்டி, துருவ அச்சைத் தளர்த்தி, எதிரெடையை நகர்த்திச் சமன் செய்ய வேண்டும்.
4. இறுதியாகக் கிழக்குப் பக்கத்தில் மிகச் சிறிதளவு எடை கூடுதலாக இருக்குமாறு விடவேண்டும். இதனால் பற்கள் எப்போதும் ஒரே பக்கமாகப் பொருந்தி நிற்கும். தொலைநோக்கி உச்சிக்கோட்டைக் கடந்து புரட்டப்பட்டால் இதனை மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் ஒளிப்படக்கருவி குழாயின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு நிலையில் சமனாக இருக்கும் குழாய் மற்றொரு நிலையில் சாயும். கருவி விலக்க அச்சின் திசையில் அமையுமாறு குழாயை அதன் வளையங்களுக்குள் திருப்பி வைப்பதால் இக்குறை குறையும். பெல்ட்டியர் தகட்டுக்குச் செல்லும் தடித்த செப்புக் கம்பியும் விறைப்பாக இழுக்கக் கூடியது. அதனைத் தாங்கமைப்பின் தலைப்பகுதியில் கட்டி, தளர்ந்த வளையமாகக் கருவிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில்

இவ்விரு மாவட்டத் தலைநகரங்களும் ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் உள்ளன. எனவே துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து சுமார் 11 பாகை உயரத்திலேயே நிற்கும். மரங்களும் அடிவானப் புழுதியும் அதனை எளிதில் மறைத்துவிடும். அவ்வாறான இடங்களில் விண்மீன் நகர்வு முறை பயன்படுகிறது. உச்சிக்கோட்டுக்கும் வான நடுவரைக்கும் அருகிலுள்ள விண்மீன் தெற்கே நகர்ந்தால் துருவ அச்சு கிழக்கே விலகியுள்ளது. வடக்கே நகர்ந்தால் மேற்கே விலகியுள்ளது. கீழ்வானத்து விண்மீன் தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்துள்ளது. வடக்கே நகர்ந்தால் உயர்ந்துள்ளது.

வெளிநாடுகளில் செய்யப்படும் தாங்கமைப்புகள் சிலவற்றின் அச்சு 15 அல்லது 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. வாங்கும் முன் இதனைச் சரிபார்த்தல் நன்று. அச்சு படுத்திருப்பதால் தொலைநோக்கியின் எடை வடக்கு நோக்கித் துருத்தி நிற்கும். ஆகவே முக்காலியின் ஒரு கால் வடக்கே அமைய வேண்டும். எதிரெடை அக்காலில் மோதாதவாறு முக்காலிக்கும் தாங்கமைப்புக்கும் இடையே குறுந்தூண் ஒன்றைப் பொருத்துவது உதவும்.

இதே அகலாங்கு ஒரு நன்மையும் தருகிறது. ஓரியன் நெபுலா இங்கு 70 பாகைக்கு மேல் உயர்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து காண இயலாத கரீனா நெபுலா சுமார் 19 பாகை உயரத்தையும், ஒமேகா சென்டாரி கொத்து சுமார் 31 பாகை உயரத்தையும் அடைகின்றன.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், சனவரி முதல் ஏப்பிரல் வரையிலான காலமே இங்கு படமெடுக்க ஏற்றது. சனவரி இரவுகளில் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகைக்கு இறங்கும். அப்போது உணரியைக் குளிர்விப்பது எளிது, பனித்துளியே இடர். மே மாத இரவுகளில் 26 அல்லது 27 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கொள்ளிடக் கரை, கரைவெட்டி ஏரி, பாசன வயல்கள் ஆகியவற்றின் அருகில் ஈரப்பதம் கூடும்.

அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. சுண்ணாம்புத் தூளும் சிமெண்டுத் தூளும் பனியில் நனைந்தால் கண்ணாடியில் இறுக ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த நிலையில் துணியால் துடைத்தால் ஆடியின் பூச்சு கீறப்படும். முதலில் காற்றால் ஊதி அகற்றிவிட்டு, பின்னரே நீரில் கழுவ வேண்டும். ஆலைகள், சென்னை–திருச்சிராப்பள்ளி தேசிய நெடுஞ்சாலை ஆகியவற்றின் விளக்கொளியிலிருந்து விலகிய இடங்களே ஏற்றவை. பெரம்பலூருக்கு மேற்கேயுள்ள பச்சைமலை உயரத்தாலும் இருளாலும் கருத்தில் கொள்ளத்தக்கது.

எச்சரிக்கைகள்

* உள்ளமைந்த மின்வெட்டு விளக்குள்ள கருவிகளின் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட்டு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். மின்கலத்தை அகற்றிய பின்னும் அதிர்ச்சி ஏற்படக்கூடும். பயிற்சி இல்லாதோர் கருவியைத் திறக்கக் கூடாது.
* வடிகட்டி நீக்கிய கருவியின் நிறச்சமன் மாறிவிடும். உற்பத்தியாளர் உறுதியும் செல்லாது. பழைய கருவி ஒன்றை இதற்கெனத் தனியே ஒதுக்குவது நல்லது.
* விசிறி நின்றுவிட்டால், சூடான பக்கத்தின் வெப்பம் திரும்பி உணரிக்கே வந்து சேரும். அந்நிலையில் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் அமைப்பு இருத்தல் வேண்டும்.
* பெல்ட்டியர் தகட்டுக்கு மின்னிணைப்பை மாற்றிக் கொடுத்தால் உணரிப் பக்கமே சூடாகும்.
* எடைகளைக் கழற்றும்போது முதலில் தொலைநோக்கியையும் பின்னர் எதிரெடையையும் அகற்ற வேண்டும். வரிசை மாறினால் குழாய் தன் எடையால் சட்டெனச் சுழன்று விழும்.

இவற்றையும் பார்க்கவும்

* வைணு பாப்பு வானாய்வகம்
* பெல்ட்டியர் விளைவு
* சிசிடி
* ஒளி மாசு
* அரியலூர் மாவட்டம்
* பெரம்பலூர் மாவட்டம்